கொண்டை ஊசி

பெயர் கிடைக்க மூன்று மாதமாயிற்று.
ஏற்காட்டுப் பாதையில்
ஸ்கூட்டியின் பின்சக்கரம் காற்றை விட்ட இடத்தில்
மஞ்சள் பலகை நின்றது:
கொண்டை ஊசி வளைவு 14/20.
தத்துவம் ஏதும் தோன்றவில்லை.
பெயருக்குள் ஒரு ஊசி இருந்தது, போதும்.
காலிடுக்கில் மூட்டையாக என் முதல் ஆர்டர்,
மலைமேல் ரிசார்ட் ஒன்றின் வெயிட்டர்களுக்குப்
பதினாறு ஏப்ரன்.

திருப்பூரில் லேபிள் நெய்பவர்
ஆயிரத்துக்குக் குறைந்தால் தறியை ஓட்டமாட்டாராம்.
வாங்கினேன்.
பதினாறு போக
தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு பெயர்கள்
பிஸ்கட் டின்னில் கிடந்தன,
தைக்காத உடைகளுக்காக.

செவ்வாய்ப்பேட்டையில் மாடி அறை.
கீழே கொலுசுப் பட்டறை.
வெள்ளித் தூள் போய்விடுமென்று அவர்கள் ஃபேன் போடமாட்டார்கள்.
பேட்டர்ன் தாள் பறக்குமென்று நாங்களும்.
இரண்டு தளத்திலும் ஒரே வியர்வை.

இரும்பாலையில் ஷிப்டு பார்த்த அப்பா
யார் கேட்டாலும்
'பொண்ணு துணி சம்பந்தமா ஏதோ பண்றா' என்பார்.
டிசைனர் என்ற சொல்
அவர் வாயில் கடைசிவரை ஏறவில்லை.
நானும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்,
கொஞ்சம் லூஸாகத்தான் இருந்தது.

வங்கியில்,
அடமானத்துக்கு என்ன இருக்கிறது என்றார் மேனேஜர் கோமளவல்லி.
குர்தாவை விரித்து
பக்கத் தையலில் இருந்த பாக்கெட்டைக் காட்டினேன்.
தன் செல்போனை எடுத்து உள்ளே விட்டார்.
சாவிக்கொத்தை விட்டார்.
கண்ணாடிக் கூட்டையும் விட்டு
ஒரு நிமிடம் சும்மா இருந்தார்.
கடன் கிடைக்கவில்லை.
குர்தாவை வாங்கிக்கொண்டார், எக்ஸ்எல்.

இரண்டாம் மெஷினில் ஒரு பல் உடைந்திருந்தது.
இடது பாக்கெட்டின் மூலையில்
தையல் ஒரு நூல் கோணும்.
வாடகை கட்டிவிட்டுப் பார்க்கலாம் என்பேன்,
ஜரினா கோணலோடு தைத்துக்கொண்டிருப்பாள்.
சென்னைக் கடைக்காரி ஒருத்தி
அதைத் தடவிப் பார்த்து
'ஹேண்ட்மேட் டச்' என்றாள்.
நான் மறுக்கவில்லை.

பிறகு ஒரு ஆடி மாதம்,
ஐந்து ரோட்டில் கண்ணாடிக் கடை வாசலில்
பொம்மை ஒன்று என் குர்தாவை உடுத்தி நின்றது.
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
குனிந்து மூலையைப் பார்த்தேன்.
அதே கோணல்.
எங்கோ ஒரு ஃபேக்டரியில்
நல்ல மெஷின்களைப் பழக்கி
ஆயிரக்கணக்கில், பிசகாமல்,
கோணியிருக்கிறார்கள்.

அழலாமென்று ட்ரையல் ரூமுக்குள் போனேன்.
கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

ஒன்றை வாங்கி வந்து ஜரினாவிடம் போட்டேன்.
முன்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை.
உள்ளே புறமாகத் திருப்பி
விரலால் தையலை நெருடிக்கொண்டே போனாள்.
'அக்கா, இதுல பிரிச்சு விட ஒண்ணுமே இல்ல.'

நம்முடையதில் ஒன்றரை இன்ச் இருக்கும்.
துணி வீண், துணி வீண் என்று
வெட்டும்போதெல்லாம் நான் சண்டை போட்ட
அந்த ஒன்றரை இன்ச்.

அந்த குர்தா மெஷின் எண்ணெய் துடைக்கப் போயிற்று.
குறை சொல்லக் கூடாது, நன்றாகவே உறிஞ்சியது.

போன வாரம் கோமளவல்லி மேடம் படியேறி வந்தார்,
மூச்சு வாங்க,
இடுப்பில் பிரித்துவிட முடியுமா என்று.
வெளுக்காத பழைய நீலம்
தையலுக்குள்ளிருந்து இரண்டு கோடாக வெளியே வந்தது.
அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
கடனைப் பற்றி இருவரும் பேசவில்லை.

டின்னில் இப்போது முந்நூற்றுப் பதினொன்று.

நேற்று மெக்கானிக் வந்தார்.
பல்லை மாத்திடட்டுமா என்றார்.
மாற்றுங்கள்,
கோணல் இனி அவர்களுடையது என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
வேலை முடிந்ததும்
வெட்டுத்துண்டு ஒன்றில் ஓட்டிப் பார்த்தாள் ஜரினா.
நேராகப் போனது.
துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம்.
இருவருக்கும்
என்னவோ போலிருந்தது.